திரும்பி வராத கப்பல்

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், மேனிலை வகுப்பு மாணவர்க்குச் சீவக சிந்தாமணியின் கதையை நான் விரித்துரைப்பதுண்டு. அவர்கள் மிகவும் விரும்பிக் கேட்ட பகுதி சீதத்தன் என்னும் வணிகனின் கடற்பயணம். பொருள் தேடிக் கடல் கடந்து மீளும் வழியில் காற்றும் மழையும் சூழ, அவன் கப்பல் மூழ்குகிறது. மரத்துண்டு ஒன்றைப் பற்றிக்கொண்டு அவன் மட்டும் கரை சேர்கிறான். பின்னரே உண்மை தெரியவருகிறது. சீதத்தனை வெள்ளிமலைக்கு அழைத்து வருமாறு விஞ்சையர் வேந்தன் கலுழவேகன் ஆணையிட, அதன்படி தரன் என்பான் செய்த மாயமே அது. கப்பலும் அதில் இருந்தோரும் பழுதின்றி மீள்கின்றனர்.

ஒரு முறை ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அந்தக் கப்பல் உண்மையாகவே மூழ்கியிருந்தால்?" என்று கேட்டான். "காப்பியத்தில் அப்படி நேரவில்லை" என்று கூறி அமர்த்திவிட்டேன். அது விடையன்று என்பது எனக்கே தெரியும். உண்மையாகவே மூழ்கிய ஒரு கப்பலின் வரலாற்றைப் பணி ஓய்வுக்குப் பின் படித்தறிந்தபோது, அம்மாணவனின் வினா மீண்டும் என் முன் வந்து நின்றது. கொல்லாமையை முதல் அறமாக வகுத்தளித்த மகாவீரப் பெருமானின் திருப்பிறப்பு விழா மலரில் அவ்வரலாற்றை எழுதுவது பொருத்தமெனக் கருதுகிறேன்.

கப்பலும் அதன் வழியும்

அக்கப்பலின் பெயர் திலாவா. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தமிழரை ஏற்றிச் சென்ற 'ரஜூலா' கப்பலை நம் முதியோர் அறிவர். அதனை இயக்கிய பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனமே திலாவாவுக்கும் உரிமை பூண்டிருந்தது. 1924இல் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் கட்டப்பட்ட இக்கப்பலின் கொள்ளளவு 10,006 டன். பயணிகளும் சரக்கும் சேர்ந்து செல்லும் வகையில் அமைந்தது.

1942 நவம்பர் 20ஆம் நாள் பம்பாயிலிருந்து திலாவா புறப்பட்டது. மொம்பாசா, இன்று மபூட்டோ எனப்படும் லொரென்சோ மார்க்கஸ், டர்பன் ஆகியவை அது சேரவேண்டிய துறைமுகங்கள். அதில் பயணிகள் 732 பேர், கப்பல் பணியாளர் 222 பேர், பீரங்கி வீரர் 4 பேர் என 958 பேர் இருந்தனர். பயணிகளுள் பெரும்பாலோர் இந்தியர். அவர்களுள்ளும் குஜராத்தியர் மிகுதி. கிழக்கு ஆப்பிரிக்காவில் கடை வைத்திருந்தோர், கணவரோடு சேர்ந்து வாழச் சென்ற மகளிர், அவர்தம் குழந்தைகள் எனக் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். 6,000 டன்னுக்கு மேற்பட்ட சரக்குடன் ஏறத்தாழ 60 டன் வெள்ளிக் கட்டிகளும் கப்பலில் இருந்தன. நாணயம் அடிப்பதற்காகத் தென்னாப்பிரிக்க அரசு வாங்கிய வெள்ளி அது.

போர் நடந்த ஆண்டில் மக்கள் ஏன் கடலேறினர் என்று இன்று நாம் கேட்கலாம். பிழைப்பும் உறவும் அக்கரையில் இருந்தன என்பதே விடை. கென்யாவில் குடியேறிய இந்தியருள் ஜாம்நகர்ப் பகுதியைச் சேர்ந்த ஓசுவால் சமணர் கணிசமானோர். பயணத்தின் இறுதித் துறையான டர்பனோ தமிழர்க்கு மிக நெருங்கிய ஊர். 1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல்தான் முதல் ஒப்பந்தக் கூலிகளை நவம்பர் 16 அன்று அங்கே இறக்கியது. அன்று தொடங்கி 1911 வரை அப்பகுதிக்குச் சென்ற ஒன்றரை இலட்சம் பேரில் பெரும்பகுதியினர் சென்னை வழியாகச் சென்றோரே. திலாவா சென்ற வழி வடநாட்டார்க்கு மட்டும் உரிய வழியன்று.

கடலடியில் வந்த பகை

அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலேயே இந்துமாக் கடல் போர்க்களமாகிவிட்டது. ஏப்ரல் 5இல் கொழும்பும், 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9இல் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. வங்கக் கடலில் சில நாள்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் உள்நாட்டு ஊர்களுக்கு வெளியேறியது அப்போதுதான். நம் அண்ணனூரை அடுத்த ஆவடிப் பகுதியில் படைமுகாம்களும் தளவாடக் கிடங்குகளும் எழுந்தது அப்போரின்போதே. இன்று மின்தொடர் வண்டியில் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் இடங்களில் அப்போரின் தடம் இருக்கிறது.

ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றி அதனைத் தம் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குத் தளமாக்கினர். அங்கிருந்து அரபிக் கடல் நோக்கிச் சென்றவற்றுள் ஒன்று ஐ-29. நீளம் 108 மீட்டருக்கு மேல். அது பகலில் நீருக்கடியில் பதுங்கியும் இரவில் மேலே மிதந்தும் செல்லும். அது ஏவும் டார்பிடோ என்னும் நீரடிக் கணை ஏறத்தாழ 400 கிலோ வெடிமருந்தைச் சுமந்து செல்வது. ஜப்பானியக் கணைகள் உயிர்வளியைக் கொண்டு எரிபொருளை எரித்ததால், நீரின்மேல் குமிழித் தடம் பெரிதாகத் தோன்றாது. எதிரில் வருவது இன்னதென்று காணும் முன்னரே அது வந்து தாக்கிவிடும்.

1942 நவம்பர் 23

பம்பாயை விட்ட மூன்றாம் இரவு. துணைக் கப்பல் எதுவுமின்றித் திலாவா தனித்துச் சென்றுகொண்டிருந்தது. செஷல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 930 மைல் தொலைவு. அதிகாலை இரண்டு மணியளவில், பயணிகள் உறங்கிக்கொண்டிருந்தபோது, முதற்கணை தாக்கியது.

கப்பல் உடனே மூழ்கவில்லை. இருளில் எழுந்த மக்கள் உயிர்காப்புப் படகுகளை நோக்கி விரைந்தனர். அந்த நெருக்கடியிலேயே உயிரிழந்தோர் உண்டு. படகுகளும் மிதவைகளும் இறக்கப்பட்டன. கம்பியில்லாத் தந்தி அலுவலர் டங்கன் தம் இருக்கையை விட்டு எழாமல் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். நேரம் சென்றது. கப்பல் மிதந்துகொண்டுதான் இருந்தது. தப்பிவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது. படகுகளில் இறங்கியோருள் சிலர் கப்பலுக்கே திரும்பினர்.

அப்போது இரண்டாம் கணை வந்து தாக்கியது. திலாவா மூழ்கியது. டங்கனும் கப்பலோடு சென்றார்.

எஞ்சியோர் படகுகளிலும் மிதவைகளிலும் நடுக்கடலில் கிடந்தனர். இரண்டு நாள் கழித்து, நவம்பர் 25இல், பர்மிங்காம் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் அவர்களைக் கண்டு 674 பேரை மீட்டது. கார்த்தேஜ் என்னும் கப்பல் மேலும் நால்வரை மீட்டது. நவம்பர் 27 அன்று மீட்கப்பட்டோர் பம்பாய்த் துறைக்கே வந்து இறங்கினர். ஒரு வாரத்துக்கு முன் கையசைத்து வழியனுப்பிய அதே துறை. 280 பேர் வரவில்லை. அவர்களுள் 252 பேர் பயணிகள். 28 பேர் பணியாளர்.

எழுதி வைத்த விதியும் மீறிய கைகளும்

இவ்வாறு நேரக்கூடாது என்பதற்கு விதி இல்லாமல் இல்லை. 1915 மே 7இல் லூசிட்டானியா என்னும் பயணிகள் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்ததில் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். அதன்பின் நாடுகள் கூடிப் பேசின. 1936இல் லண்டனில் ஏற்பட்ட உடன்படிக்கை வணிகக் கப்பல்களைப் பற்றித் தெளிவாகக் கூறியது. நிற்கச் சொல்லியும் தொடர்ந்து மறுக்காத, எதிர்த்துத் தாக்காத வணிகக் கப்பலை, அதில் உள்ளோரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்கும் முன் மூழ்கடித்தல் கூடாது. கரையோ வேறு கப்பலோ அருகில் இல்லாதபோது, உயிர்காப்புப் படகைப் பாதுகாப்பான இடமாகக் கொள்ளுதலும் கூடாது. ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் ஏற்றுக்கொண்ட விதி இது. பின்னர் ஜெர்மனியும் இதில் இணைந்தது.

போர் வந்ததும் அது ஏட்டளவில் நின்றுவிட்டது. வணிகக் கப்பல்களில் பீரங்கி ஏற்றப்பட்டது. நீர்மூழ்கியைக் கண்டால் தந்தி வழியே படைக்கு அறிவிக்க வேண்டும் என்ற ஆணையும் பிறந்தது. திலாவாவிலும் நான்கு பீரங்கி வீரர் இருந்தனர் அல்லவா? "ஆயுதம் ஏந்திய கப்பல் வணிகக் கப்பலே அன்று" என்று தாக்குவோர் வாதிட்டனர். அமெரிக்கா 1941 டிசம்பர் 7 அன்றே ஜப்பானுக்கு எதிராகக் கட்டற்ற நீர்மூழ்கிப் போரை அறிவித்தது. 1944 செப்டம்பர் 12இல் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று 'ரக்குயோ மாரு' என்னும் ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்தது. அதில் இருந்தவர்களோ சயாம் மரண இரயில் பாதையில் வதைபட்டு எஞ்சிய பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள். அவர்களுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் நட்பு நாட்டின் கணையாலேயே மாண்டனர்.

போருக்குப் பின் நியூரம்பர்க் நீதிமன்றத்தில் ஜெர்மானியக் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் நிறுத்தப்பட்டார். நீர்மூழ்கிப் போர் விதிகளை மீறினார் என்பதும் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. தம் நாடும் போரின் முதல் நாளிலிருந்தே அவ்வாறுதான் போரிட்டது என அமெரிக்கக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸ் எழுத்து மூலம் சான்றளித்தார். அதனையும் பிரிட்டிஷ் ஆணைகளையும் கருதி, அவ்விதிமீறல்களுக்காக டோனிட்ஸுக்குத் தண்டனை விதிக்கவில்லை என நீதிமன்றம் கூறிற்று. பிற குற்றங்களுக்காகவே அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. எல்லோரும் மீறிய விதிக்காக அவருக்குத் தண்டனை இல்லை என்று ஆயிற்று.

இல்லறத்தார் நோக்கில்

உலக நீதி அங்கே நின்றுவிடுகிறது. நம் அறநூல்கள் அதற்கு மேலும் சென்று வினவுகின்றன.

இல்லறத்தார் வாழ்வில் நேரும் இம்சையை நம் முன்னோர் நான்காகப் பகுத்தனர். சமைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டு வேலையில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு, வாணிகம் முதலிய தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தாக்க வந்தவரைத் தடுக்கும்போது நேர்வது விரோதி இம்சை. கொல்ல வேண்டுமென்றே எண்ணிச் செய்வது சங்கல்ப இம்சை. முதல் மூன்றையும் இயன்ற அளவு குறைத்துக்கொள்ள வேண்டும். நான்காவதை முற்றிலும் விடவேண்டும்.

தம் நாட்டின் பகையைத் தடுப்பதற்காக என்று கூறும் படைவீரன் விரோதி இம்சையின் நிழலில் ஒதுங்க முடியும். முதற்கணைக்கு அவ்வாறு ஒரு சமாதானம் கூறப்படலாம். ஆனால் முதற்கணைக்கும் இரண்டாம் கணைக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. கப்பல் நின்றுவிட்டது. படகுகள் இறங்கின. அக்கப்பலிலிருந்து எழுந்தது உதவி கேட்கும் குரலே. அந்த இடைவெளியில்தான் அறம் நுழைய இடம் இருந்தது. மூழ்கியின் தலைவன் கணக்கில் மிதந்துகொண்டிருந்தது 10,006 டன் கொள்ளளவுள்ள பகைவர் கப்பல். முடிக்கப்படாத ஒரு வேலை. மனிதர் அக்கணக்கில் வரவில்லை. கொல்லும் எண்ணம் சினத்தோடு வரவேண்டும் என்பதில்லை. கணக்காகவும் வரலாம் என்பதை இரண்டாம் கணை காட்டுகிறது. உயிர்க்கொலைக்கு வேர் மனத்தின் விழிப்பின்மையே என்று நம் ஆகமம் கூறுவதன் பொருள் எனக்கு இங்கே விளங்கியது.

சிராவகர்க்கு உரிய குணவிரதங்களுள் அநர்த்த தண்ட விரதம் என்பது ஒன்று. பயனின்றிப் பிற உயிர்க்குத் துன்பம் விளைப்பதை விலக்குவது அது. கொலைக்கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தலும் அவ்விரதத்தால் விலக்கப்பட்ட குற்றங்களுள் ஒன்று. கருவியை ஏவியவனோடு அறம் நின்றுவிடுவதில்லை. அதனைச் செய்தவனையும் கொடுத்தவனையும் அது கேட்கிறது. நியூரம்பர்க்கில் கேட்கப்படாத கேள்வி நம் வீட்டு அறநூலில் இருக்கிறது.

அதே மூழ்கி, வேறொரு பயணம்

இவ்விடத்தில் இன்னொரு செய்தியையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். 1943 ஏப்ரல் இறுதியில், மடகாஸ்கருக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில், ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்றிலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். அவரை ஏற்றுக்கொண்டு சுமத்திரா அருகே சபாங்குக்குக் கொண்டு சேர்த்தது அதே ஐ-29. திலாவாவை மூழ்கடித்து ஐந்து திங்களே ஆகியிருந்தன. ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் இறங்கியபோது, மலேயாவின் தோட்டத் தொழிலாளரான தமிழர் எத்தனையோ பேர் அவர் படையில் சேர்ந்தனர். அவர்கள் நெஞ்சில் அக்கப்பல் விடுதலையைச் சுமந்து வந்த கப்பல். பம்பாய்த் துறையில் காத்திருந்தோர்க்கோ அது கூற்றுவன்.

இவ்விரண்டும் உண்மை. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது அநேகாந்தம் அன்று. ஜப்பானியரைப் பழிப்பதற்காகத் திலாவாவை நினைப்பதும், நேதாஜியைப் போற்றுவதற்காக 280 பேரை மறப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். 1944 ஜூலை 26 அன்று, பிலிப்பைன்சுக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கியின் கணைகளால் ஐ-29உம் மூழ்கியது. அதில் இருந்தோருள் உயிர் பிழைத்தவர் ஒருவரே. அவர்கள் வீடுகளிலும் தாய்மார் காத்திருந்திருப்பர்.

எழுந்து வந்த வெள்ளி

கடலுக்கடியில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில் திலாவா எழுபத்தைந்து ஆண்டுக் காலம் கிடந்தது. 2017இல் அர்ஜென்டம் என்னும் பிரிட்டிஷ் நிறுவனம் அதிலிருந்து 2,364 வெள்ளிக் கட்டிகளை மேலே கொணர்ந்தது. அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 4 கோடியே 30 இலட்சம் அமெரிக்க டாலர். வெள்ளி தமக்குரியது என்று தென்னாப்பிரிக்க அரசு கூறியது; மீட்ட கூலி எங்கே என்று நிறுவனம் கேட்டது. பிரிட்டனில் வழக்கு நடந்தது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தன. இருதரப்பாரும் தமக்குள் உடன்பாடு கண்ட பின்னரும், 2024 மே 8இல் உச்ச நீதிமன்றம் தென்னாப்பிரிக்காவுக்குச் சார்பாகத் தன் முடிவை அறிவித்தது. 1942இல் கப்பலில் கிடந்தபோது அவ்வெள்ளி வணிகப் பயன்பாட்டில் இருந்ததா, இல்லையா என்பதே மூன்று நீதிமன்றங்களும் ஆராய்ந்த வினா.

சட்டத்துக்கு அவ்வினா தேவைதான். எனினும், பொருள் மீது நாம் வைக்கும் பற்றுக்கு எல்லை வகுக்கச் சொன்ன பெருமானின் வழியில் வந்தோர் இதனைப் படிக்கும்போது நெஞ்சு சற்று நின்று யோசிக்கிறது. வெள்ளிக் கட்டிகள் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு மேலே வந்தன. மனிதரோ அங்கேயே தங்கினர். அவர்களைத் தேடியவர் அவர்தம் குடும்பத்தார் மட்டுமே. நிகழ்ச்சியின் எண்பதாம் ஆண்டு நிறைவான 2022 நவம்பர் 23 அன்று, உயிர் பிழைத்தோருள் எஞ்சிய சிலரும் இறந்தோரின் வழித்தோன்றல்களும் மும்பையில் கூடி அவர்களை நினைவு கூர்ந்தனர். அன்று கப்பலில் குழந்தையாக இருந்தவர்க்கும் அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

நாம் செய்யத்தக்கது

இது முடிந்துபோன கதையன்று. 2023 இறுதி முதல் செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டதையும், போரில் எவ்வகைத் தொடர்பும் இல்லாத மாலுமிகள் உயிரிழந்ததையும் நாளிதழ்களில் கண்டோம். இன்று கணை வானில் பறந்து வருகிறது, அவ்வளவே வேறுபாடு. நம் புறநகர்ப் பகுதிகளிலிருந்தும் கப்பல் வேலைக்குச் செல்லும் இளைஞர் உண்டு. அவர்தம் பெற்றோர்க்கு இக்கட்டுரை வரலாறாகத் தோன்றாது.

நம் அளவில் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, நம் வீட்டு முதியோரிடம் அப்போர்க்கால நினைவுகளைக் கேட்டு எழுதி வைத்தல். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து நம் சிற்றூர்களில் சென்னையிலிருந்து வெளியேறி வந்தோர்க்கு இடங்கொடுத்த வீடுகள் இருந்தால், அவற்றைப் பற்றிய நினைவும் அவற்றுள் அடங்கும். கேட்க வேண்டிய காலம் மிகக் குறுகிவிட்டது. மற்றொன்று, சாமாயிகத்தில் அமரும்போது எல்லா உயிரும் என்னைப் பொறுக்க, எல்லா உயிரையும் நான் பொறுக்கிறேன் என்று கருதும் நேரத்தில், அக்கடலில் இருந்த இருதரப்பாரையும் அவ்வெண்ணத்துக்குள் சேர்த்துக்கொள்ளுதல்.

அம்மாணவன் இன்று எங்கோ நடுவயதினனாக இருப்பான். இம்மலர் அவன் கைக்குக் கிட்டுமா என்பதை அறியேன். அவன் கேட்ட வினாவுக்கு இப்போது விடை கூறுவேன்: "தம்பி, கப்பல் உண்மையாகவே மூழ்கியிருந்தால், தரன் வந்து மீட்டுத் தரமாட்டான். மூழ்கியோரைக் கரையில் இருப்பவர்தாம் மறவாதிருக்க வேண்டும். இரண்டாம் கணையை ஏவும் கைக்கு முன், 'நில்' என்று சொல்லும் அறம் ஒவ்வொரு வீட்டிலும் வளர வேண்டும்."

அறம் வளர்க! உயிர்கள் யாவும் இனிது வாழ்க!